தொழில்: மற்றவை

சங்குமுனைப் பேரூராட்சியில் தண்ணீர் லாரிக்கான இணையச் செயலி பொதுமக்களுக்குத் திறந்த செவ்வாய்க்கிழமை காலை, பதினொன்று பத்துக்கு, அதுவரை யாராகவும் இல்லாத ஒரு மனிதர் அலுவலக வாசலில் வரிசையின் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நின்ற பரிபூரணத்தம்மாள் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொன்னாள், முதல் தடவை திரும்பிப் பார்த்தபோது பின்னால் வெயில்தான் இருந்தது, இரண்டாம் தடவை பார்த்தபோது இந்த ஆள் இருந்தார், வெகுநேரம் நின்று களைத்தவர் போல ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி ஊன்றிக்கொண்டார் என்று. எப்படி வந்தார் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. யார் வீட்டு ஆள் என்றுதான் கேட்டார்கள்.

செயலியை எழுதியவள் சண்முகவடிவு. நாற்பத்திரண்டு வயது, ஐஸ் கம்பெனி மாடியில் ஒற்றை அறை, ஒரு மேசை, ஒரு கணினி. கீழே நாளெல்லாம் ஐஸ் பாளங்களை உடைக்கும் சத்தத்தில் மேசை மெல்ல அதிர்ந்துகொண்டிருக்க, அவள் மூன்று மாதம் நிரல் எழுதும் எடிட்டர் திரையின் முன்னால் உட்கார்ந்து, யாருக்கு எப்போது எந்தத் தெருவில் தண்ணீர் என்பதை வரிவரியாக எழுதினாள். எழுதியதெல்லாம் முதலில் அவள் கணினிக்குள் மட்டும்தான் ஓடும், அவள் மட்டும்தான் பார்க்கலாம். எல்லாம் சரியென்று மனசுக்குப் பட்டதும் எடிட்டரின் ஓரத்திலிருக்கும் பொத்தானை அழுத்தினால், அது அங்கிருந்து கிளம்பி, ஏதோ ஒரு பெருநகரத்தின் குளிரூட்டிய கூடத்தில் வரிசையாக நிற்கும் இயந்திரங்களுக்குப் போய்ச்சேரும். அதைத்தான் கிளவுட் என்பார்கள். அந்த நிமிஷத்திலிருந்து ஊரிலுள்ள எல்லாக் கைபேசியிலும் அது திறக்கும். வடிவு இதை ‘ஏத்துறது’ என்பாள், படகில் வலையை ஏற்றுவது போல.

ஏற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டும், சோதிக்க ஓர் ஆள் வேண்டும். பெயர்ப் பெட்டி உடைகிறதா என்று பார்க்க, மூச்சுவிட இடமில்லாத ஒரு பெயரை அவள் இட்டாள்: வெயிலுகந்தகொழுந்தீஸ்வரத்தாண்டவமூர்த்தி. கதவு எண் கேட்ட இடத்தில் மூன்று பூஜ்யம். குடும்ப உறுப்பினர்கள் எத்தனை என்ற இடத்தில் கைக்கு வந்த ஓர் எண், இரண்டு. தெரு கேட்ட இடத்தில் ‘தெரு’ என்றே அடித்தாள். தொழில் என்ற பட்டியலில் விரல் நின்ற இடம் கடைசி வரி, ‘மற்றவை’. குறைகள் ஏதேனும் உண்டா என்ற பெட்டியில் ‘இல்லை’. படத்துக்கு, முகமில்லாத சாம்பல் நிற உருவம் ஒன்று தானாக வந்து உட்கார்ந்தது.

இப்படிப்பட்ட சோதனை ஆட்கள் வெளியே போகக்கூடாது. அதற்கென்று, எவையெல்லாம் ஏற்றப்படக் கூடாது என்று குறித்துவைக்கும் ஒரு சின்னக் கோப்பு உண்டு. சோதனை ஆளின் கோப்பை அதில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரியை வடிவு மறந்துபோனாள். மறந்து, பொத்தானை அழுத்தி, நீலக் கோடு ஊர்ந்து முடிந்து பச்சையானதைப் பார்த்துவிட்டு, தன் கையால் செய்ததை ஊர் எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்க்கும் ஆசையில் தலையைக்கூடச் சீவாமல் பேரூராட்சி அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே செயல் அலுவலர் கமருதீன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூன்று தவணையாக மூச்சு வாங்கி அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஆள் நான்தான்” என்று அந்த மனிதர் கையை உயர்த்தினார்.

“இம்புட்டுப் பேரையும் உங்க அப்பா ஒரே நாள்லயா வச்சாரு?” என்றாள் பரிபூரணத்தம்மாள். “நாங்க வெயிலுன்னு கூப்பிடுதோம். பொறுக்குமா?”

“பொறுக்கும்” என்றார் வெயிலு.

வடிவு அவரைத் தனியே அழைத்துப்போய், வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, தாழ்ந்த குரலில், “உங்கள நான்தான் அடிச்சேன்” என்றாள்.

“தெரியும்” என்றார் அவர். “நூத்திப் பதினேழு தடவ பதிஞ்சீங்க. நூத்திப் பதினாறு தடவ அழிச்சீங்க. ஒரு தடவ பிழைன்னு காட்டி ரெண்டு நாளு செவப்புல நின்னேன். அப்ப நீங்க சாப்பிடாமக் கெடந்தீங்க.”

“வலிச்சுதா?”

“வலிக்கல. பேசிட்டே இருக்கும்போது பாதியில நிறுத்துனாப்புல இருக்கும், அவ்வளவுதான்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது முகம், ஆனால் பார்வையைத் திருப்பியதும் நினைவில் நிற்கவில்லை. இதுதான் ஊருக்குள் அவருக்கு வழி திறந்துவிட்டது. கமருதீன் அவரைக் கொழும்புக்குப் போய்த் திரும்பாத தன் தாய்மாமன் சாயலென்றார். பரிபூரணத்தம்மாள் தன் அக்கா வீட்டுக்காரர் இளமையில் இப்படித்தான் என்றாள். லாரி ஓட்டும் ஞானதிரவியமோ, தன் கல்யாணப் போட்டோவில் பந்திக்குப் பக்கத்தில் நிற்கிற, இருபது வருஷமாக இரு வீட்டாரும் மற்ற வீட்டாரின் ஆளென்று நினைத்துக்கொண்டிருக்கிற அந்த மனிதர் இவர்தானென்று அடித்துச் சொன்னார்.

“என்ன வேலை பாக்கீய?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெயிலு ஒரே பதிலைச் சொன்னார். “மற்றவை.”

சங்குமுனையில் கடலுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், வலை பின்னுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், கருவாடு காயவைக்கிறவர்கள், வாத்தியார்கள், கொத்தனார்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆனால் இந்த வேலைகளுக்கு நடுவே யாருடையதும் அல்லாத வேலைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன என்பது, அவற்றைச் செய்ய ஒருவர் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது: துவைத்த சேலையை உதறும்போது மறுமுனையைப் பிடிப்பது, கொத்தனாரின் அளவு டேப்புக்கு அந்தப் பக்கம் நிற்பது, சீட்டாட்டத்தில் நாலாவது கையாக உட்காருவது, பெண் பார்க்க வந்த வீட்டில் திடீரென்று பேச்சு நின்றுபோகும்போது மழையைப் பற்றி ஏதாவது சொல்வது, பரீட்சைக்கும் வேலைக்கும் கிளம்புகிறவர்களுக்கு நல்ல சகுனமாக எதிரே வருவது, அண்ணன் தம்பி சண்டையில் இருவரும் நிஜமாக அடித்துக்கொள்ளாமலிருக்க நடுவில் நிற்பது, அழுகிறவர்கள் பக்கத்தில் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது. ஒரு மாதத்துக்குள் ஊரில் மூன்று பழைய வழக்குகள் தீர்ந்தன, நின்றுபோன இரண்டு கல்யாணங்கள் கூடின, காயப்போட்ட சேலைகள் சுருக்கமில்லாமல் காய்ந்தன. அவருக்குக் குறை என்று எதுவும் கிடையாது. மீன் ஏலக்கூடத்தின் சிமெண்ட் மேடையில் படுத்துக்கொண்டார், கூப்பிட்ட வீட்டில் சாப்பிட்டார்.

சாயந்திரங்களில், வேறு யாரும் கூப்பிடாதபோது, ஐஸ் கம்பெனி மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். வடிவு வேலை செய்துகொண்டே அவரிடம் பேசுவாள். எந்த வரியில் பிழை, எந்தப் பெட்டி நகர மறுக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் “ம்” கொட்டுவார். பாதிப் பிழை சொல்லும்போதே அவளுக்குப் பிடிபட்டுவிடும். தன் குரல் இவ்வளவு நேரம் ஓடக்கூடியது என்பதையே அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

அப்போதுதான் மாவட்டக் குடிநீர் அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. சங்குமுனையின் செயலியை இன்னும் ஐந்து ஊர்களுக்கு விரிக்கப்போகிறார்கள், அதற்கு முன் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் சரிபார்க்கப்படும், வருகிற வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் நேரில் வந்து வீடு வீடாகப் பார்ப்பார், அவர் கண்முன்னே புதிய பதிப்பு ஏற்றப்பட வேண்டும். ஒரே ஒரு போலிப் பதிவு இருந்தாலும் ஊருக்கு லாரி நிறுத்தப்படும்.

கமருதீன் கடிதத்தை இரண்டாக மடித்தார், பிறகு நாலாக மடித்தார். “ஒரு பேருதானம்மா” என்றார் வடிவின் முகத்தைப் பார்க்காமல். “ஆயிரத்து நானூத்திப் பதினோரு வீட்டுக்கு நாக்கு நனையணும்லா.”

அவளுக்கும் அது தெரியும். கிணறெல்லாம் கரிக்கிற ஊர் அது. அவள் மாடியேறிப் போய் எடிட்டரைத் திறந்து, அழிப்பதற்கான ஒரு வரியை எழுதி, விரலை எடுத்துக்கொண்டாள். அழிப்பதற்குப் பதில் திருத்தினால் என்ன என்று அப்போது தோன்றிற்று. ‘மற்றவை’யை அதிகாரிகளுக்குப் பிடிக்காது. அதை ‘மீன்பிடி’ என்று மாற்றி ஏற்றினாள்.

கீழே பரிபூரணத்தம்மாள் வீட்டு வாசலில் சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த வெயிலு, அதை அப்படியே மண்ணில் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்து நடந்தார். “ஏ வெயிலு! கோட்டி புடிச்சுட்டா?” என்று அவள் கத்தியதற்கு, முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். வடிவு பதறிப்போய்ப் பழையபடி மாற்றி ஏற்றிய பிறகுதான், இடுப்புவரை நனைந்த வேட்டியோடு அலையிலிருந்து திரும்பிவந்து, மண்ணில் கிடந்த சேலையை எடுத்து உதறி, “எனக்கு என்னமும் ஆச்சா?” என்று கேட்டார்.

ஆக, அழித்தாலும் போய்விடுவார், திருத்தினாலும் போய்விடுவார். அன்று மாலை ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. வடிவு எழுந்து நின்று, ஒரு வரி மறந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, “தப்பு எம்மேலதான்” என்று முடித்தாள். அவர் பிறந்த விதம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேச்செல்லாம் காகிதத்தைப் பற்றியே இருந்தது. ஏனென்றால் காகிதத்தில் இல்லாமற்போவது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் ஒருமுறையாவது நடந்திருந்தது.

“நான் உசுரோட இருக்கேன்னு ஒரு தாளு வாங்க மூணு வருசம் நடந்தேன்” என்றாள் பரிபூரணத்தம்மாள். “எதுக்க நிக்கேன், கையாட்டுதேன், நீ செத்துட்டன்னு பதிஞ்சிருக்குன்னு சொல்லுதான். இவருக்குத் தாளாவது இருக்கு. ஆளைத் திருத்துனாத்தான ஆளு மாறுதாரு? ஊரைத் திருத்துங்கடா.”

ஞானதிரவியம் தலையைச் சொறிந்தார். “ஊர எப்படி மைனி திருத்துறது?”

“தாள்ல என்ன இருக்கோ, அதக் கொண்டாந்து வைங்க. அம்புட்டுத்தான்.”

அப்படித்தான் அந்த ஊர், ஒரு மனிதரின் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. ஐஸ் கம்பெனி மதிலுக்கும் வலைகளைப் போட்டுவைக்கும் கிட்டங்கிக்கும் நடுவே முப்பது வருஷமாகப் பெயரில்லாத ஒரு சந்து இருந்தது. ஒவ்வொரு கட்சியும் தன் தலைவர் பெயரைத்தான் வைக்க வேண்டுமென்று நின்றதால் பெயரில்லாமலே போன சந்து. அதற்கு ‘தெரு’ என்று பெயர் சூட்டும் தீர்மானம் பேரூராட்சிக் கூட்டத்தில் வந்தபோது, யாருடைய தலைவரும் தோற்கவில்லை என்பதால், சங்குமுனை வரலாற்றில் முதன்முறையாக எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்தது. பெயர்ப்பலகை எழுதுகிறவர் ‘தெரு தெரு’ என்று எழுத வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, ஒன்று போதும் என்று தானே முடிவுசெய்துகொண்டார்.

சந்தின் கடைசியில் ஐந்தடி அகலத்துக்கு ஒரு வீடு எழும்பியது. கொத்தனார்கள் காலையில் தங்கள் வேலைக்குப் போகும் வழியில் ஆளுக்கு நாலு வரிசை கல் வைத்தார்கள். உடைந்த படகொன்றின் பலகையில் கதவு ஆயிற்று. வலைக்காரர்கள் கூரைக்கு ஓலை கட்டினார்கள். வாத்தியார் ஒருவர் கதவில் மூன்று பூஜ்யங்களை, ஒன்றைவிட ஒன்று பெரியதாகிவிட்டதே என்று அழித்து அழித்து, நாலாம் தடவை அழகாக எழுதினார். வீட்டுச் சொந்தக்காரரோ எல்லா வேலைக்கும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது தனக்கான வீடு என்பதே அவருக்கு வியாழக்கிழமைதான் உறைத்தது. அப்போது சற்றுநேரம் கடலைப் பார்க்கத் திரும்பி நின்றார்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் தில்லைநாயகி வந்தார். கறுப்புக் குடை, கையில் பட்டியல், நடையில் அவசரமே இல்லை.

“வெள்ளிக்கிழமை யாரும் ஏத்த மாட்டாங்க மேடம்” என்று வடிவு கடைசியாக ஒரு முயற்சி செய்தாள். “திங்கக்கிழமை வச்சுக்கலாம்.”

“ஏன், ராகு காலமா?”

“எங்க தொழில்ல அது ராகு காலத்துக்கும் மேல. இன்னைக்கு ஏத்தி ஒடஞ்சா, சனி ஞாயிறு சரிபண்ண ஆளிருக்காது.”

தில்லைநாயகி சிரிக்கவில்லை. காலை முழுக்க வீடு வீடாக நடந்தார். நாலு மணிக்கு, பின்னால் பாதி ஊரை இழுத்துக்கொண்டு, தெரு என்ற தெருவுக்குள் நுழைந்தார். பலகையைப் படித்தார், பட்டியலைப் பார்த்தார், டிக் அடித்தார். கதவிலிருந்த மூன்று பூஜ்யங்களைத் தொட்டுப் பார்த்தார், பெயின்ட் விரலில் ஒட்டியது, அதைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு டிக் அடித்தார்.

“தொழில், மற்றவை. என்ன மற்றவை?”

நாற்பது பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவர் குடையை மடக்கத் தடுமாறியபோது வெயிலு நுனியைப் பிடித்துக்கொடுத்தார். தில்லைநாயகி அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்து, “நீங்க சீர்காழிப் பக்கமா? எங்க பெரியப்பா மாதிரியே இருக்கீங்க” என்றார். அதற்கும் ஒரு டிக் விழுந்தது.

பிறகு கைபேசியை எடுத்து, பட்டியலிலிருந்த எண்ணை அழுத்தினார். சந்துக்குள் மணி அடித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடித்தது வடிவின் கையிலிருந்த கைபேசி.

சோதிக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் எண்ணைத்தான் போடுவார்கள், கை அப்படிப் பழகியிருக்கும். அதை வடிவு அறவே மறந்துபோயிருந்தாள்.

“இது உங்க நம்பராம்மா? எழுதினவங்க நீங்கதான?” தில்லைநாயகியின் குரல் மாறியது. தாளைத் திருப்பினார். “குடும்ப உறுப்பினர்கள், ரெண்டு. இவரு ஒருத்தர். இன்னொருத்தர் யாரு? நீங்க எந்த வீடு?”

“ஐஸ் கம்பெனி மாடி.”

தில்லைநாயகி பட்டியலை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் சண்முகவடிவு என்ற பெயர் இல்லை. ஊருக்கெல்லாம் தண்ணீருக்கு வழிசெய்தவள் தன்னைப் பதிந்துகொள்ளவே இல்லை. பரிபூரணத்தம்மாள் தரும் ஒரு செம்பில் அவள் நாள் ஓடிவிடும். குடும்பம் என்று தொடங்கும் ஒரு படிவம் தன்னைக் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“நல்ல கூத்து” என்றார் தில்லைநாயகி. “பதிவுல இருக்கவரு ஆளான்னு பாக்க வந்தா, ஆளா நிக்கிற உங்களுக்குப் பதிவு இல்ல. அப்ப இந்த ரெண்டாவது ஆளு யாரு? இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க, பதிவ எடுத்துட்டு ஏத்துங்க. எனக்கு அஞ்சே முக்கால் பஸ்.”

வடிவு வெயிலுவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தான் அவளுக்கு எந்த வகையிலும் பாரமாகிவிடக் கூடாது என்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நூற்றுப் பதினாறு முறை அவரை யோசிக்காமல் அழித்த விரல்கள் அவளுடையவை. அவற்றை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

“நான்” என்றாள்.

“சத்தமா.”

“ரெண்டாவது ஆளு நான்தான் மேடம்.” சொல்லிவிட்டு, கழுத்துவரை சூடேறி, அவர் பக்கம் திரும்பினாள். “உங்களக் கேக்காமச் சொல்லிட்டேன். உங்களுக்கு இதுல குறை எதும்...”

“இத யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல” என்றார் வெயிலு. நிமிர்ந்தபோது அவர் முகம் முதன்முறையாக யாருடைய சாயலும் இல்லாமல், அவருடைய முகமாகவே இருந்தது. பார்வையைத் திருப்பிய பிறகும் அது வடிவின் நினைவில் நின்றது. “வீடு அஞ்சடிதான் அகலம். ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் போகணும். பரவால்லையா?”

“ஏட்டி வடிவு, முன்னால நீ போ!” என்று பரிபூரணத்தம்மாள் கத்தியதில் சந்து முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தில்லைநாயகி உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசி டிக்கைப் போட்டார். அண்டை வீட்டுச் சாட்சிக்கு இரண்டு கையெழுத்து போதும் என்று அவர் சொல்லச் சொல்ல, தாளின் முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் நிறைந்தது.

வடிவு மடிக்கணினியை வலைக் கிட்டங்கிப் படியில் வைத்து, எந்தப் பதிவையும் எடுக்காமல், எதையும் மாற்றாமல், பொத்தானை அழுத்தினாள். நீலக் கோடு ஊர்ந்தது. யாரும் திரையைப் பார்க்கவில்லை, எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பாதியில் கோடு சற்று நின்றது. பரிபூரணத்தம்மாள் அவர் வேட்டி நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு கோடு முழுதாக ஓடிப் பச்சையானது. வெயிலு அங்கேயே நின்றுகொண்டிருந்தார், வியர்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, வேட்டி அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

தெரு முனையில் ஞானதிரவியம் லாரி ஹாரனை விடாமல் அடித்தார். “மூணு பூஜ்யம்! வீட்டுக்காரங்க யாரு? ரெண்டு பேருக்குத் தண்ணி! கொடத்தக் கொண்டாங்க!”

வடிவு திகைத்தாள். நாற்பத்திரண்டு வயதில் அவளிடம் ஒரு குடம்கூட இல்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முன்னால் தெரிந்த வாசலைப் பார்த்து வெறுங்காலோடு ஓடினாள், “யக்கா, ஒரு கொடம் குடுங்க! ஒண்ணில்ல, ரெண்டு, ரெண்டு கொடம்!” என்று கத்திக்கொண்டு.